பி.எட். படிக்கப் போகிறவர்களுக்கு: தப்பு விடைகளைச் சேர்த்து வையுங்கள்

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியை. எங்கள் பள்ளிக்கு வருடாவருடம் பி.எட். மாணவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். வந்ததும் பெரும்பாலானவர்கள் கேட்பது, "மேம், மொத்தம் எத்தனை லெசன் பிளான், எத்தனை ரெக்கார்டு?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஏட்டுக்கு மதிப்பெண் உண்டு, கையெழுத்து வாங்க வேண்டும், செய்முறைத் தேர்வில் அடுக்கி வைக்க வேண்டும். ஆனால் அந்த ஏடுகளெல்லாம் எதற்காக என்று கல்லூரியில் யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டால் பல பேர் இல்லை என்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். இரண்டு வருடம் பி.எட். படித்து, இப்போது அதே படிப்பு படிக்கிறவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராக இருக்கும் எனக்குத் தெரிந்த பதில் இது: எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஏன் அந்தத் தப்பு விடையைச் சொல்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை தாளும் இத்தனை ஏடும்.

படிப்பின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு பி.எட். ஒரு வருடம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் வந்த பிறகு, 2015-16 முதல் இரண்டு வருடம் ஆனது. அந்த விதிமுறைப்படி பள்ளியில் இருக்க வேண்டிய காலம் 20 வாரம்: முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை வேண்டும். பள்ளிப் பயிற்சிக்கோ 90 சதவீதம். இந்த 90-ஐக் கவனியுங்கள். எங்கே அதிகம் கற்க முடியும் என்று விதியை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

முதல் வருடத்தில் வரும் பாடத்திட்டம் (லெசன் பிளான்) எழுதுதல்தான் எல்லோரையும் படுத்தும் வேலை. நோக்கங்கள், கற்பித்தல் துணைக்கருவி, ஆசிரியர் செயல், மாணவர் செயல், கரும்பலகைக் குறிப்பு, மதிப்பிடல், வீட்டுப்பாடம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். இதில் 'மாணவர் செயல்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் "மாணவர்கள் கவனிக்கின்றனர்", "மாணவர்கள் சரியான விடை கூறுகின்றனர்" என்றே எழுதியிருக்கும். வகுப்பறையில் அப்படி நடப்பதில்லை. ஆறாம் வகுப்பில் போய் 1/3 பெரியதா, 1/5 பெரியதா என்று கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் "அஞ்சுல ஒண்ணு" என்று கத்துவார்கள். ஏன் என்று கேட்டால், "மூணை விட அஞ்சு பெருசுதானே மிஸ்?" அந்தப் பிள்ளை கவனிக்காமல் சொல்லவில்லை. முதல் வகுப்பிலிருந்து ஐந்து மூன்றை விடப் பெரியது என்று நாம்தான் சொல்லி வந்திருக்கிறோம். அதை நம்பித்தான் சொல்கிறது.

என் பயிற்சிக் காலத்தில் எனக்குக் கிடைத்த வழிகாட்டி ஆசிரியை இதற்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்கள். 15 சென்டிமீட்டர் நீளத்துக்குக் காகிதப் பட்டைகள் வெட்டிக்கொள். 15-ஐ மூன்றாகவும் பிரிக்கலாம், ஐந்தாகவும் பிரிக்கலாம். மூன்றில் ஒரு பங்கு 5 செ.மீ., ஐந்தில் ஒரு பங்கு 3 செ.மீ. பிள்ளைகளே ஸ்கேல் வைத்துக் குறித்து வெட்டட்டும் என்றார்கள். வெட்டினார்கள். அப்போதும் ஒரு பையன், "இதுல மூணு துண்டுதான் இருக்கு, அதுல அஞ்சு துண்டு இருக்கு, அப்ப அதுதானே மிஸ் பெருசு" என்றான். அவன் துண்டின் அளவைப் பார்க்கவில்லை, துண்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறான். "உனக்கு ஒரே ஒரு துண்டுதான் தருவேன், எது வேணும்?" என்று கேட்டதும் நீளமானதை எடுத்துக்கொண்டான். பிறகு கையில் இருந்ததையும் பலகையில் எழுதியிருந்த 1/3-ஐயும் மாறி மாறிப் பார்த்தான்.

இதோடு பாடம் முடிந்தது என்று நினைத்தால் அடுத்த நாள் இன்னொரு தப்பு வரும். "கீழே பெரிய எண் இருந்தா அது சின்னது" என்று பிள்ளைகள் தாங்களே ஒரு விதி போட்டுக்கொள்வார்கள். 4/5, 1/3 இரண்டையும் கொடுத்தால் 4/5 சின்னது என்பார்கள். அதே பட்டையில் 4/5 என்பது 12 செ.மீ., 1/3 என்பது 5 செ.மீ. மறுபடி வெட்ட வேண்டும். முதல் நாள் நாம் சரியாக நடத்திய பாடமே இந்தத் தப்பைக் கொண்டுவருகிறது. அதனால் தொகுதி சமமாக இருக்கும் பின்னங்களை நடத்தும் அன்றைக்கே, தொகுதி வேறாக இருக்கும் ஒரு ஜோடியையும் கடைசி ஐந்து நிமிடத்தில் கேட்டுவிட வேண்டும். 1/3, 2/5 என்ற ஜோடி நல்லது. 5 செ.மீ., 6 செ.மீ. என்று நெருங்கி வருவதால் பிள்ளைகள் அளந்துதான் சொல்வார்கள், ஊகிக்க முடியாது.

ஆகவே பாடத்திட்டம் எழுதுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கட்டங்களை உங்கள் கல்லூரி சொல்கிறபடியே நிரப்புங்கள். இடது ஓரத்தில் மட்டும் பென்சிலால், இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் சொல்லக்கூடிய தப்பு விடைகள் என்னென்ன, ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன நினைப்பு இருக்கும், அதற்கு நான் அடுத்து என்ன கேட்பேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஊகித்து எழுதியது பாதி சரியாக வந்தாலே போதும். வகுப்பு முடிந்து வந்ததும் அங்கே உண்மையில் கேட்டதைப் பேனாவால் எழுதுங்கள். பயிற்சி முடிகிறபோது உங்களிடம் இருக்கும் அந்த ஓரக் குறிப்புகள் எந்தக் கடையிலும் கிடைக்காது.

நோக்கம் எழுதும் பகுதியும் இதனால் தானாகச் சரியாகும். கல்வி உளவியலாளர் புளூம் 1956-ல் வெளியிட்ட, கற்றல் நோக்கங்களின் வகைப்பாட்டை மனப்பாடம் செய்து, "மாணவர்கள் பின்னங்களைப் புரிந்துகொள்வர்" என்று எழுதினால் புரிந்ததா இல்லையா என்று பார்க்க வழியே இல்லை. "தொகுதி சமமான இரு பின்னங்களில் பெரியதைக் காட்டி, காரணத்தைத் தன் சொல்லில் சொல்வர்" என்று எழுதினால் வகுப்பிலேயே தெரிந்துவிடும். அதேபோல, செயல், உருவம், குறியீடு என்று உளவியலாளர் புரூனர் சொன்ன மூன்று நிலைகளையும் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். முதலில் பட்டையை வெட்டியது, பிறகு நோட்டில் பட்டையை வரைந்தது, கடைசியில் 1/3 > 1/5 என்று எழுதியது: அந்த மூன்றும் இதுதான். கோட்பாட்டுத் தாளைத் தனியாகவும் பள்ளியைத் தனியாகவும் வைத்தால் இரண்டுமே மனதில் நிற்காது.

நுண்நிலைக் கற்பித்தலை (மைக்ரோ டீச்சிங்: கூடப் படிக்கிறவர்களையே மாணவர்களாக உட்காரவைத்துச் சில நிமிடம் நடத்திப் பழகுவது) பற்றி நிறையப் பேர் குறை சொல்கிறார்கள், நடிப்பு மாதிரி இருக்கிறது என்று. 1963-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் குழுவினர் உருவாக்கிய முறை இது. நம் நாட்டில் வழக்கமாகச் செய்யும் சுற்று 36 நிமிடம்: 6 நிமிடம் நடத்துதல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுபடி திட்டமிடல், 6 நிமிடம் மறுபடி நடத்துதல், 6 நிமிடம் மறுபடி பின்னூட்டம். ஒரு சுற்றில் ஒரே ஒரு திறனை மட்டும் பழக வேண்டும். குறை எங்கே என்றால், மாணவராக உட்காரும் நம் தோழிகள் எல்லோரும் பட்டதாரிகள். கேட்டதும் சரியான விடை சொல்லிவிடுவார்கள். எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். மாணவராக உட்காருகிறவர்களில் ஒருவர் ஒரு தப்பு நினைப்பை மனதில் வைத்துக்கொண்டு, அதிலேயே உறுதியாக நின்று பதில் சொல்ல வேண்டும். யார் அது என்று நடத்துகிறவருக்குத் தெரியாது. கிளர்வினா (பிள்ளையின் பதிலையே பிடித்து மேலும் யோசிக்க வைக்கும் கேள்வி) கேட்கும் திறன் எங்களுக்கு அதில்தான் வந்தது. "தப்பு, உட்காரு, அடுத்தவங்க சொல்லுங்க" என்று சொல்லவே முடியாது. "எப்படிக் கண்டுபிடிச்சே?", "வேற எண் போட்டுப் பாரேன்" என்று கேட்டே ஆக வேண்டும்.

அந்த 6 நிமிடத்தைக் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் இதை அளந்து பார்த்திருக்கிறார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே பொறுக்கிறார்கள். மூன்று நொடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீளுகிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று கண்டார். மூன்று நொடி கேட்பதற்குச் சின்னது. வகுப்பில் நின்று பார்த்தால் தெரியும், வாய் தானாகவே விடையைச் சொல்லப் போகும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள்.

பள்ளிக்குப் போனதும் முதல் வாரம் கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்வார்கள். உற்றுநோக்கல் ஏடு என்று பெயர். "ஆசிரியர் நன்றாக விளக்கினார், கரும்பலகையை நன்கு பயன்படுத்தினார்" என்று எழுதி முடித்துவிடாதீர்கள். ஆசிரியரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு பீரியடு முழுவதும் மூன்றே மூன்று பிள்ளைகளின் நோட்டைப் பாருங்கள். எந்த வரியில் கை நிற்கிறது, எப்போது பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறார்கள், பலகையில் அழித்த பிறகும் எதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி ஆசிரியர்கூட முன்னால் நின்று அதைப் பார்க்க முடியாது. நீங்கள் சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வார்.

பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வழக்கமாக ஆறு முதல் ஒன்பது வரைதான் வகுப்பு கிடைக்கும், பத்தாம் வகுப்பைத் தர மாட்டோம். ஆசிரியர் வராத வகுப்புகளுக்கெல்லாம் உங்களை அனுப்புவார்கள். முகம் சுளிக்காதீர்கள். அந்த மாற்று வகுப்புகளில் பாடம் முடிக்கும் அவசரம் இல்லை. இரண்டு கேள்வியை எழுதிப்போட்டு என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம். ஏழாம் வகுப்புக்கு நான் கொடுக்கும் ஜோடி இது: 0.35, 0.5 இவற்றில் எது பெரியது? 0.62, 0.4 இவற்றில் எது பெரியது? இலக்கம் அதிகமாக இருந்தால் பெரியது என்று நினைக்கும் பிள்ளை முதல் கேள்வியில் தவறும், இரண்டாவதைச் சரியாகச் சொல்லும். இலக்கம் குறைவாக இருந்தால் பெரியது என்று நினைக்கும் பிள்ளைக்கு முதலாவது சரி, இரண்டாவது தப்பு. ஒரே கேள்வி கேட்டிருந்தால் இரண்டு பேரில் ஒருவருக்கு 'சரி' போட்டு அனுப்பியிருப்போம்.

மொழிக்கென்று ஒரு தாள் இருக்கிறது, எல்லாப் பாடத்துக்கும் ஊடாக மொழி எப்படி இயங்குகிறது என்று. கணக்குப் படித்தவர்கள் அதைத் தமிழ், ஆங்கிலம் எடுத்தவர்களுக்கானது என்று விட்டுவிடுகிறார்கள். "ஒருவரிடம் 240 ரூபாய் இருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கைச் செலவழித்தார். மீதி எவ்வளவு?" இதற்கு நிறையப் பிள்ளைகள் 80 என்று எழுதுவார்கள். வகுத்தல் சரி, கேட்டது வேறு. ஆங்கில வழிப் பிரிவில் இது இன்னும் கூடுதல். வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளைகள் ஆங்கில வரியைப் பார்த்ததும் எண்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கணக்குப் போடுவார்கள். கணக்கைப் போடும் முன்பு, "இதுல என்ன கேட்டிருக்காங்க, உன் வார்த்தைல சொல்லு" என்று ஒரு நிமிடம் செலவிடுங்கள். தமிழில் சொன்னாலும் போதும்.

தனியாள் ஆய்வு (கேஸ் ஸ்டடி) ஏட்டைப் பற்றி மனம் விட்டுச் சொல்ல வேண்டும். இந்த ஏட்டில்தான் அதிகக் கற்பனை நடக்கிறது. பின்தங்கிய மாணவர், தந்தை குடிப்பவர், ஆய்வாளரின் ஆலோசனைக்குப் பின் முன்னேறினார் என்று ஒரே கதையை வருடாவருடம் பார்க்கிறேன். ஒரு பிள்ளையின் வாழ்க்கையைப் பார்க்காமலே எழுதுவது எனக்குக் கோபத்தை வரவைக்கிறது. என் பயிற்சியின்போது எட்டாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளையை எடுத்துக்கொண்டேன். கணக்கில் மட்டும் விட்டு விட்டுப் போயிருந்தது. சில பாடம் நன்றாகத் தெரியும், சில பாடம் தொடக்கமே தெரியாது. வருகைப் பதிவேட்டைக் கிழமை வாரியாகப் பிரித்து எழுதிப் பார்த்தபோது, விடுப்பு பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் விழுந்திருந்தது. அந்த ஊரில் செவ்வாய் சந்தை. அம்மா காய் விற்கப் போனதும் கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு யாரும் இல்லை. பிள்ளையிடம் நான் எதையும் துருவிக் கேட்கவில்லை. வகுப்பாசிரியை அம்மாவைச் சந்தித்தபோது அவர்களே சொன்னார்கள். புதன்கிழமை வைத்திருந்த வாராந்திரத் தேர்வை வெள்ளிக்கு மாற்றினோம். செவ்வாய் நடத்தியதைப் புதன் மதிய இடைவேளையில் பக்கத்துப் பிள்ளை சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தோம். சிறிய வேலைதான். பிள்ளையிடம் குறை இருக்கிறது என்று தேடிப் போயிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

ஏட்டில் பிள்ளையின் பெயரை எழுதாதீர்கள். வகுப்பின் முன்னால் வீட்டு விஷயம் கேட்காதீர்கள். எழுத்துக்கள் தலைகீழாக வருகிறது, வாய்மொழியில் நன்றாகச் சொல்கிற பிள்ளை எழுதவே மறுக்கிறது என்பது போன்றவற்றைப் பார்த்தால் நீங்களே ஒரு பெயர் சூட்டிவிடாதீர்கள். தலைமையாசிரியரிடமும் வகுப்பாசிரியரிடமும் சொல்லுங்கள், அவர்கள் சிறப்பாசிரியரை வரவழைப்பார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் உள்ள 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. முறையாகச் சான்று பெற்றால் பொதுத்தேர்வில் சலுகைகள் கேட்க முடியும். பல பெற்றோருக்கு இது தெரியாது.

அடைவுத் தேர்வு ஏட்டில் புளூபிரிண்ட் (வினாத்தாள் திட்டம்) போடுவீர்கள், சராசரி, திட்ட விலக்கம் கண்டுபிடிப்பீர்கள், நிகழ்வெண் பலகோணம் வரைவீர்கள். எல்லாம் வரைந்த பிறகு இன்னும் ஓர் அட்டவணை போடுங்கள்: மேலே கேள்வி எண், பக்கத்தில் பிள்ளைகளின் வரிசை எண், கட்டத்துக்குள் சரியா தப்பா என்ற குறி. சராசரி 52 என்றால் நாளைக்கு என்ன நடத்துவது என்று அது சொல்லாது. ஏழாவது கேள்வியில் வகுப்பே தவறியிருக்கிறது என்றால் சொல்லும். ஒருவேளை கேள்வியே குழப்பமாக இருந்திருக்கலாம், அதையும் சொல்லும். குறையறி தேர்வு, குறைதீர் கற்பித்தல் என்று பெரிய பெயரில் படிக்கிறோமே, அதன் தொடக்கம் இந்த அட்டவணைதான்.

வெளியில் பணம் கொடுத்து ரெக்கார்டு எழுதி வாங்குகிறார்கள். கல்லூரிக்கே வராமல் சான்றிதழ் வாங்கலாம் என்று பேசிக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பி.எட். படித்தவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். ஆனால் இப்படி எழுதி வாங்குவதன் விலையைக் கொடுப்பது நாம் இல்லை. நாம் வேலையில் சேர்ந்த முதல் வருடத்தில் நம்மிடம் வந்து சேரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். நேரம் இல்லாதவர்கள் படம் ஒட்டுவதை, அட்டை போடுவதை, ஓரத்தில் பூ வரைவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். துணைக்கருவிக்குத் தெர்மாகோல் வாங்க வேண்டியதில்லை, காகிதப் பட்டையும் ஸ்கேலும் போதும். நேரம் அங்கே மிச்சமாகும்.

ஆசிரியர் தகுதித் தேர்வைப் பற்றியும் கேட்பார்கள். கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கான இரண்டாம் தாளில் மொத்தம் 150 மதிப்பெண். அதில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், 30 மொழித்தாள், 30 ஆங்கிலம், 60 கணிதமும் அறிவியலும். அந்த முதல் 30-க்கு பி.எட். முதல் வருடத்திலேயே நோட்ஸ் எடுத்து வைத்துவிடலாம். பியாஜே, வைகாட்ஸ்கி போன்ற உளவியலாளர்களின் பெயர்களோடு நீங்கள் வகுப்பில் பார்த்த ஒரு பிள்ளையின் பதிலையும் பக்கத்தில் எழுதி வைத்தால் மறக்காது.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் ஏடுகளைப் புரட்டுவார்கள், பாடம் நடத்தச் சொல்லிப் பார்ப்பார்கள். நிறையப் பேர் ஒத்திகை பார்த்த பிள்ளைகளையே கேள்வி கேட்கிறார்கள். ஒத்திகை பார்க்காத பிள்ளையைக் கேளுங்கள். தப்பு வந்தால் வரட்டும், அதை நீங்கள் கையாளும் விதத்தைத்தான் நல்ல தேர்வாளர் பார்ப்பார்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது, அது எந்த ஏட்டிலும் இல்லை. 16 வாரம் முடிந்து நீங்கள் கிளம்பும்போது பருவம் பாதியில் இருக்கும், பாடமும் பாதியில் இருக்கும். பிரிவு விழாவுக்குப் பணம் சேர்த்துக் கேக் வெட்டுகிறார்கள், பிள்ளைகள் அழுகிறார்கள், மறுநாள் வகுப்பு பழைய ஆசிரியரிடம் போகிறது. அதற்கு முன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: எந்தப் பாடத்தில் எந்தப் பயிற்சி வரை முடிந்தது, யார் யாருக்கு இன்னும் எது குழப்பம், யாரைப் பலகைக்குக் கூப்பிட்டால் பயப்படுகிறார்கள், எந்த விளக்கம் எடுபட்டது, எது எடுபடவில்லை. போன வருடம் வந்த ஒரு பயிற்சி ஆசிரியை எனக்கு அப்படி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். முழுக்கள் பாடத்தில் கழித்தலுக்கு முன்னால் எண்கோட்டில் இன்னும் ஒரு பீரியடு வேண்டும் என்று அதில் இருந்தது. மறுநாள் நான் அங்கிருந்துதான் தொடங்கினேன்.